எழுவான்கரைக்கு ஒன்று, படுவான்கரைக்கு இன்னொன்று: கழிவுநீர் நைதரசனை நீக்க எந்த முறை?

கல்முனைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணன், எங்கட சபைக்கு மூன்று கொம்பனிக்காரங்க வந்து மூன்று விதமான சுத்திகரிப்பு நிலையத்தக் காட்டிட்டுப் போயிருக்காங்க. மூன்று பேரும் நைதரசன் 80 வீதம் குறையும் எண்டுதான் சொல்றாங்க. மறுகா நாங்க எத வெச்சுத் தெரிவு செய்யிற?" பாசிக்குடாவில் விடுதி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பியும் ஏறக்குறைய இதையே கேட்டார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிரதேச சபையொன்றில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவருக்கும் இதே தலையிடி.

கொம்பனிக்காரர் சொல்வதில் பொய்யில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் அவர்கள் காட்டிய மூன்றுமே 80 வீதத்தை எட்டும். கரண்ட் போன இரவில், மாரி வெள்ளம் ஏறிய கிழமையில், மோட்டர் எரிந்து உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கும் நாட்களில்தான் அவை பிரிந்து நிற்கும். அந்த நாட்களை வைத்துத்தான் நான் நிறுப்பேன்.

## நைதரசனை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்

ஒரு மனிதரிடமிருந்து நாளொன்றுக்கு 10 கிராம் அளவில் நைதரசன் வெளியேறுகிறது. அதில் பெரும்பங்கு சிறுநீரில். வீட்டு மலசலகூடக் குழியோ செப்டிக் தொட்டியோ அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. திண்மம் அடியில் தங்கும். அமோனியா தண்ணீரோடு ஊறுகுழிக்குப் போகும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் அந்த அமோனியா காற்றுப் பட்டு நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் கலக்கும். நைத்திரேற்று மணலில் ஒட்டிக்கொள்ளாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி வீட்டோடு வீடு நெருங்கிய ஊர்களில் ஒரு வளவின் குழிக்கும் அடுத்த வளவின் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி இருக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது கூடினால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறையும்.

வாவிக்கு வரும் கேடு வேறு விதம். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்த பிறகு வாவித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை. உள்ளே வந்த நைதரசன் உள்ளேயே கிடந்து அல்காவை வளர்க்கும். பகலில் ஒட்சிசன் தரும் அதே அல்கா இரவில் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். விடியப்புறம் மீன் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான்.

## பற்றீரியா செய்யும் இரண்டு வேலை

எந்த நிலையமாக இருந்தாலும் உள்ளே நடப்பது இரண்டே வேலை.

முதல் வேலை காற்றோடு நடப்பது. நைத்திரசோமோனாசு போன்றவை அமோனியாவை நைத்திரைற்றாக்கும். நைத்திரோஸ்பைரா போன்றவை அதை நைத்திரேற்றாக்கும். இவை மெதுவாக வளர்பவை. சாதாரணப் பற்றீரியா சில மணி நேரத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் ஒரு முறை கழுவுண்டு போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். இந்த விடயத்தில் எங்கள் வெயில் எங்களுக்கு உதவி. குளிர்நாட்டில் இவை வாழும் சேற்றைப் பத்துப் பதினைந்து நாள் தொட்டியில் வைத்திருந்தால்தான் இவை நிலைக்கும். இங்கே 28, 30 பாகை வெப்பத்தில் நான்கைந்து நாள் வைத்திருந்தாலே நிலைத்துவிடும்.

இரண்டாவது வேலை காற்றில்லாமல் நடப்பது. வேறு வகைப் பற்றீரியா, சுவாசிக்க ஒட்சிசன் கிடைக்காதபோது நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, நைதரசனை வாயுவாக விட்டுவிடும். அதற்கு இவற்றுக்குத் தின்ன ஏதாவது வேண்டும், அதாவது காபன். கழிவுநீரிலேயே காபன் இருக்கிறது. அது வழியில் வீணாகாமல் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லீற்றர் கண்ணாடி உருளையில் தண்ணீர் அள்ளி மேசையில் வையுங்கள். அரை மணி நேரத்தில் மண்ணிறச் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அப்படியே ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுங்கள். அடியிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பும். பிறகு சேறு முழுவதும் பணியாரம் மாதிரித் திரண்டு மேலே மிதக்கும். அந்தக் குமிழிதான் நைதரசன். உருளைக்குள் பார்க்க அழகு. அதுவே படிவுத் தொட்டியில் நடந்தால் சேறு மிதந்து வாவிக்குப் போய்விடும்.

இங்கே ஒரு மறைந்த செலவு இருக்கிறது. "எங்களுக்கு நைதரசன் நீக்கம் தேவையில்லை, அழுக்கு மட்டும் குறைந்தால் போதும்" என்று மலிவான நிலையம் வாங்கும் சபைகளும் எங்கள் வெப்பத்தில் முதல் வேலையிலிருந்து தப்ப முடியாது. காற்றூட்டினால் நைத்திரேற்று தானாக உண்டாகும், அதற்கான ஒட்சிசன் செலவும் சேர்ந்து வரும். காற்றில்லாத பகுதி இல்லையென்றால் அந்த நைத்திரேற்று படிவுத் தொட்டியில் போய்க் குமிழி விடும். ஆகவே இரண்டாவது வேலைக்கும் இடம் விட்ட வடிவமைப்பைத்தான் வாங்க வேண்டும்.

## எதை வைத்து நிறுப்பது

மின்சாரத்தை முதலில் எடுக்கிறேன். 20,000 பேர் உள்ள ஊரைக் கணக்குக்கு வைப்போம். நாளுக்கு 200 கிலோ நைதரசன். ஐந்தில் ஒரு பங்கு சேற்றோடு போனாலும் 160 கிலோவைப் பற்றீரியா மாற்ற வேண்டும். ஒரு கிலோவுக்கு 4.57 கிலோ ஒட்சிசன், ஆக ஏறக்குறைய 730 கிலோ. சாதாரண நிலையமொன்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரைக் கிலோ ஒட்சிசன் கரைகிறதென்று எடுத்தால், அமோனியாவுக்கு மட்டும் நாளுக்கு 490 யூனிட். இரண்டாவது வேலையும் ஒழுங்காக நடந்து 120 கிலோ வாயுவாகப் போனால், ஒரு கிலோவுக்கு 2.86 கிலோ ஒட்சிசன் திரும்பக் கிடைக்கும். 230 யூனிட் மிச்சம். காற்றில்லாத அறையை வெட்டி நிலையத்தை மலிவாக்குகிறேன் என்று யாராவது வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

காரத்தன்மையும் இதே மாதிரித்தான். முதல் வேலை ஒரு கிராம் நைதரசனுக்கு ஏழு கிராம் அளவில் காரத்தன்மையைத் தின்னும். இரண்டாவது வேலை அதில் பாதியைத் திருப்பித் தரும். போதாவிட்டால் தண்ணீர் புளித்துப் பற்றீரியா வேலையை நிறுத்தும். சுண்ணாம்பு வாங்கிக் கொட்ட வேண்டி வரும்.

அடுத்தது நிலம். அப்புறம் ஆள்: இரவு இரண்டு மணிக்குக் காற்றடிக்கும் புளோவர் நின்றால் யார் வருவார்? அதற்கும் மேலே, வாவிக்கரைக்கே உரிய ஒன்று உப்பு. எங்கள் நீர்மட்டம் உயர்வு. குழாய்ப் பொருத்துகளால் உவர்நீர் கசிந்து உள்ளே வரும். மெதுவாகக் கூடும் உப்புக்குப் பற்றீரியா பழகிவிடும், திடீரென ஏறினால் சோர்ந்துவிடும். உவர்நீரோடு வரும் சல்பேற்று குழாய்க்குள் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாகி கொங்கிரீற்றையும் அரிக்கும். சாக்கடைக் குழாய் போடும்போதே இறுக்கமான பொருத்துக்குக் காசு ஒதுக்கினால் பின்னால் பத்து மடங்கு மிச்சம் என்றே சொல்வேன்.

கடைசியாக, சுத்தமான தண்ணீர் எங்கே போகிறது? வாவிக்கா, கடலுக்கா, வயலுக்கா? வயலுக்கென்றால் நைதரசனைக் கஷ்டப்பட்டு நீக்கவே தேவையில்லாமல் போகலாம்.

## தொடர் தொட்டி முறை: முன்னால் காற்றில்லா அறை, பின்னால் காற்றறை

பெரிய நகரங்களின் வழக்கமான முறை. 1962 இல் லட்சாக், எற்றிங்கர் இருவரும் முன்வைத்து, 1970களில் பார்னாட் திருத்தியது. வரும் கழிவுநீர் முதலில் காற்றில்லா அறைக்குள் போகும். பின்னால் உண்டான நைத்திரேற்றுத் தண்ணீரை, வருகிற அளவின் மூன்று நான்கு மடங்கு, பம்ப் முன்னால் திருப்பிக் கொண்டுவரும். புதிய கழிவின் காபன் அங்கேயே தீனியாகிறது.

மின்சாரத்தில் இது சிக்கனமானது, ஏனென்றால் நுண்குமிழிக் காற்றூட்டிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றின் இறப்பர்ச் சவ்வு சில வருடங்களில் அடைபடும். மாற்றத் தொட்டியை வெறுமையாக்க வேண்டும், சவ்வு வெளிநாட்டுச் சரக்கு. இரண்டு வரிசைத் தொட்டி இல்லாமல் இந்த முறையை வாங்கவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. எழுவான்கரையில் இடமில்லையென்று கழிவை வாவிக்கு அந்தப் பக்கம் பம்ப் பண்ணும் யோசனை அடிக்கடி வரும். நீண்ட அழுத்தக் குழாயில் கழிவு மணிக்கணக்காகக் கிடந்தால் அதிலுள்ள இலகுவான காபன் வழியிலேயே தின்னப்பட்டுவிடும். மறு கரைக்கு வரும்போது அமோனியா அப்படியே, தீனி இல்லை. பிறகு தீனிக்கு மெதனோல் வாங்கி ஊற்றச் சொல்வார்கள். அந்தச் செலவை எந்த டெண்டரிலும் நான் பார்த்ததில்லை.

மாதச் சம்பளத்தில் பொறியியலாளரும் ஒரு சிறிய ஆய்வுகூடமும் இருக்கும் பெரிய மாநகர சபைக்கு இது பொருந்தும்.

## எஸ்.பி.ஆர்: ஒரே தொட்டி, நேரத்தால் பிரித்த வேலை

இடம் குறைந்த ஊருக்கு விற்பனையாளர் முதலில் காட்டுவது இந்த எஸ்.பி.ஆரைத்தான் (Sequencing Batch Reactor). அதில் நியாயமும் இருக்கிறது. ஒரே தொட்டியில் நிரப்பு, கலக்கு, காற்றூட்டு, படியவிடு, மேல்நீரை வடி என்று மணிக்கூட்டின்படி எல்லாம் நடக்கும். தனிப் படிவுத் தொட்டி வேண்டாம். நிரப்பும்போது காற்றை நிறுத்தி வைத்தால் புதிய கழிவின் காபனிலேயே நைத்திரேற்று தீரும். நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம் என்பதால் நல்ல இயக்குநர் கையில் இது அருமையான கருவி.

நல்ல இயக்குநர் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை நான் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் கடற்கரையோரக் கட்டிடம் ஒன்றின் சிறிய எஸ்.பி.ஆரைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மாலை கரண்ட் இரண்டு மூன்று தடவை போய்ப் போய் வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி எந்தக் கட்டத்தில் நின்றதென்பதை மறந்து, படியவிடும் நேரத்தைத் தாண்டி வடிக்கும் கட்டத்துக்குப் போய்விட்டது. நான் போய்ச் சேரும்போது வெளிக்குழாயில் பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் வளர்த்த சேறு அது. மூன்று கிழமை கழித்துத்தான் அமோனியா பழைய அளவுக்கு இறங்கியது. அந்த மூன்று கிழமையும் அளவீட்டுக் கொப்பியைத் திறக்கவே மனம் வரவில்லை.

மறைந்த செலவுகள் அதிலிருந்தே தெரியும். மின்சாரம் போனாலும் நினைவு வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, அதற்குத் தனி மின்கலம், ஜெனரேற்றருக்கு டீசல், உப்புக்காற்றுப் படாமல் மூடிய அறை. 2022 மாதிரி ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தால் அந்த டீசலுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு தொட்டியாவது வேண்டும்; ஒன்று படியும் நேரத்தில் வரும் கழிவை மற்றது வாங்கும்.

## சுற்றோடை

எனக்கு மனம் சாய்வது இதில். 1950களில் ஒல்லாந்தில் பஸ்வீர் சிறிய ஊர்களுக்கென்றே உருவாக்கியது. ஓட்டப்பந்தயத் திடல் வடிவில் ஒரு நீளமான ஓடை. ஓரிடத்தில் சுழலும் தூரிகையோ மேற்பரப்புக் காற்றூட்டியோ தண்ணீரை அடித்துத் தள்ளும். அந்த இடத்தில் ஒட்சிசன் கூட, சுற்றி வரும் வழியில் குறைந்து ஒரு பக்கம் ஏறக்குறைய இல்லாமலே போகும். ஒரே ஓடையில் இரண்டு வேலையும். நாங்கள் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் கண்டி நகருக்கான கன்னொறுவ நிலையம் இந்த முறையில் இருக்கிறது. முடிவெடுக்கும் முன் சபை உறுப்பினர்கள் ஒரு வானில் போய் அங்குள்ள இயக்குநர்களோடு பேசிவிட்டு வருவது நல்லது.

குறை என்னவென்றால் கழிவு ஒரு நாள் அளவு உள்ளே நிற்க வேண்டும், அதனால் தொட்டி பெரிது. நாளுக்கு 3,000 கன மீற்றர் வந்தால் ஓடைக்கு மட்டும் கால் ஏக்கர். படிவுத் தொட்டி, சேறு உலர்த்தும் பாத்தி எல்லாம் சேர ஒன்று இரண்டு ஏக்கர். நுண்குமிழி முறையை விட மின்சாரமும் கூட.

அந்தக் கூடுதல் மின்கட்டணத்துக்குக் கிடைப்பது பொறுமை. ஓடையில் இருபது நாளுக்கு மேல் வயதான சேறு இருக்கிறது. கரண்ட் நான்கு மணி நேரம் போனால் அந்த நேரத்து அமோனியா கொஞ்சம் வெளியே போகும். கரண்ட் வந்தால் அன்றே பழைய நிலைக்கு வரும். உப்பு கொஞ்சம் ஏறினாலும், பவுசர்க்காரர் வீட்டுக் குழிச் சேற்றைக் கொண்டுவந்து ஊற்றினாலும் பெரிய கொள்ளளவு தாங்கிக்கொள்ளும். அப்படியென்று நேரே ஊற்ற விடக்கூடாது. செப்டிக் சேற்றில் அமோனியா சாதாரணக் கழிவைப் போல் பல மடங்கு. ஒரு சேமிப்புத் தொட்டியில் வாங்கி, இரவில் மெதுவாக விட வேண்டும். இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியம், கியர்ப் பெட்டியும் பெயாரிங்கும் பழுதானால் எங்கள் ஊர் லேத் பட்டறையிலேயே கழற்றிப் பூட்டலாம்.

## குளங்களும் பன் வளர்த்த ஈரநிலமும்

கழிவைக் குளங்களில் நாட்கணக்காக நிறுத்தியோ, பன் நட்ட மணல் பாத்தி வழியே விட்டோ சுத்தமாக்குவது இது. இடம் இருந்தால் இதற்கு மேல் எளிமையில்லை. மின்சாரம் இல்லாமலே, அல்லது ஒரு பம்ப்போடு ஓடும். ஆளுக்கு இரண்டு சதுர மீற்றர் என்று வைத்தால் 20,000 பேருக்குப் பத்து ஏக்கர். காத்தான்குடியில் அப்படியொரு நிலத்தைக் கனவிலும் தேட முடியாது. படுவான்கரையிலும் அம்பாறை உள்நாட்டிலும் தேடலாம்.

ஈரநிலத்தில் ஒரு நுணுக்கம். தண்ணீர் கிடையாக ஊர்ந்து போகும் வகையில் காற்றுக் குறைவு. இரண்டாவது வேலை நன்றாக நடக்கும், முதல் வேலை நடக்காது. மேலிருந்து விட்டுவிட்டு ஊற்றி மணல் வழியே கீழே வடியும் வகையில் முதல் வேலை நன்றாக நடக்கும். ஆகவே முதலில் செங்குத்து, பிறகு கிடை என்று இரண்டையும் இணைக்க வேண்டும். பன்னும் சம்பும் நட்டுவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைத்துக் கட்டியவை நாறுவது இந்த வித்தியாசம் தெரியாததால். மணல் அடைபடாமலிருக்க முன்னால் நல்ல செப்டிக் தொட்டியும் வேண்டும்.

வயல் பக்கத்தில் இருந்தால் கணக்கே மாறும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது யூரியாவுக்கு எங்கள் வெள்ளாமைக்காரர் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. நாங்கள் காசு கொடுத்துக் காற்றில் விடப் பார்ப்பது அதே நைதரசனைத்தான். புழு முட்டையும் கிருமியும் சாகும் அளவுக்குப் பல நாள் குளங்களில் நின்ற தண்ணீரை வயல் வட்டைக்கு விட்டால் உரச் செலவு குறையும். ஆனால் கதிர் விட்ட பிறகும் விட்டுக்கொண்டிருந்தால் பயிர் சாயும். மாரியில் யாருக்கும் தண்ணீர் வேண்டாம். அந்த மாதங்களுக்குத் தேக்கி வைக்கவோ ஈரநிலம் வழியே விடவோ ஏற்பாடு வேண்டும். வயற்காணி வைத்திருக்கும் போடியார்மாரோடும் விவசாய அமைப்போடும் வரைபடம் கீறும் முன்பே பேசுங்கள்.

அணைக்கட்டு உயரத்தை 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்தக் காணியில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அயலாரிடம் கேட்டு வையுங்கள்.

## அனமொக்ஸ் பற்றி

ஒரு வாசகர் ஆர்வத்தோடு கேட்டதால் சுருக்கமாக. அமோனியாவையும் நைத்திரைற்றையும் நேரடியாக இணைத்து நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியா இவை. ஒல்லாந்தில் 1990களில் கண்டுபிடிக்கப்பட்டு, 2002 இல் ரொட்டர்டாமில் முதல் முழு அளவு நிலையம் ஓடியது. காபன் வேண்டாம், ஒட்சிசன் தேவை பாதிக்கும் குறைவு. சூடான தண்ணீர் பிடிக்கும். சிங்கப்பூர் சாங்கி நிலையத்தில் இவை பிரதான ஓட்டத்திலேயே வேலை செய்வது தெரியவந்தது. ஆனால் இரட்டிக்கப் பத்து நாளளவு எடுக்கும், நைத்திரைற்று கொஞ்சம் கூடினாலும் முடங்கும். இன்றைக்கு இது சபைக்கான முடிவில்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் செப்டிக் சேற்று நீரை வைத்துச் செய்து பார்க்க மிக நல்ல விடயம்.

## ஒரே பார்வையில்

| முறை | நிலம் | மின்சாரம் | கரண்ட் போனால் | மாரி வெள்ளத்தில் |
|---|---|---|---|---|
| தொடர் தொட்டி | குறைவு | நடுத்தரம் | திரும்ப ஒரு நாளளவு | படிவுத் தொட்டி நிரம்பிச் சேறு போகலாம் |
| எஸ்.பி.ஆர் | மிகக் குறைவு | நடுத்தரம் | கட்டுப்பாடு குழம்பினால் வாரங்கள் | சுற்று நேரத்தைக் குறைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் |
| சுற்றோடை | ஒன்று இரண்டு ஏக்கர் | கூட | அன்றே திரும்பும் | ஓரளவு தாங்கும் |
| குளம், ஈரநிலம் | பத்து ஏக்கரளவு | மிகக் குறைவு | பாதிப்பு இல்லை | அணை உயரத்தைப் பொறுத்தது |

## கேட்டவர்களுக்கு

கல்முனை அண்ணனுக்கு: இரண்டு ஏக்கர் எப்படியாவது கிடைக்குமென்றால் சுற்றோடை. கிடைக்கவே கிடைக்காதென்றால் எஸ்.பி.ஆர், ஆனால் இரண்டு இயக்குநர்களை நிலையம் கட்டும்போதே நியமித்துப் பொருத்துகிறவர்களோடு நிற்க வைக்கும் நிபந்தனையோடு. அதற்கும் முன்னால் சாக்கடைக் குழாய் எத்தனை வீட்டுக்குப் போகப்போகிறதென்று கேளுங்கள். குழாயில்லாமல் பவுசரில் வருவதை மட்டும் நம்பிக் கட்டினால், உங்களுக்குத் தேவைப்படுவது வேறு நிலையம். சேறு உலர்த்தும் பாத்திக்குக் கூரை கேட்டு வாங்குங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை திறந்த பாத்தியில் எதுவும் காயாது.

பாசிக்குடாத் தம்பிக்கு: உங்களுக்குச் சீசனில் கூட்டம், மாரியில் வெறும் அறை. தீனியில்லாத மாதங்களில் தொட்டிப் பற்றீரியா மெலிந்துபோகும், சீசன் தொடங்கும் கிழமையில் திடீரென வரும் கழிவைத் தாங்காது. அறை எண்ணிக்கை குறைவென்றால் செங்குத்து ஈரநிலம் கட்டி, அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுங்கள். பெரிய விடுதியென்றால் எஸ்.பி.ஆர், சீசனுக்கு மூன்று கிழமை முன்பே வேறொரு நிலையத்திலிருந்து நல்ல சேறு கொண்டுவந்து போடுங்கள்.

படுவான்கரைத் தங்கச்சிக்கு: உங்களிடம் நிலம் இருக்கிறது, வயல் இருக்கிறது. யாராவது பளபளப்பான இயந்திரப் படத்தோடு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுக் குளத்துக்குக் காணி பாருங்கள்.

மூவரும் இந்த மாதத்திலேயே ஒரு வேலையைத் தொடங்கலாம். உத்தேச இடத்தைச் சுற்றியுள்ள பத்துக் கிணறுகளில் நைத்திரேற்றையும் உப்பையும் அளந்து திகதி போட்டு எழுதி வையுங்கள். கோடையில் ஒரு தடவை, மாரியில் ஒரு தடவை. நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு அதே கிணறுகளில் அதே மாதங்களில் மறுபடி அளந்தால்தான் கொம்பனிக்காரர் சொன்ன 80 வீதம் மண்ணுக்குள்ளும் நடந்ததா என்று தெரியும்.